பயறு முழுசா வரவேணும்

அந்த மனிதர் முன்னுக்கு நடந்து நான் பார்த்தது குறைவு. கையில் கமரா வந்துவிட்டால் பின்னுக்குத்தான் நடப்பார். கண்ணைக் கமராவிலிருந்து எடுக்க மாட்டார். பின்னால் மேசை இருக்கிறதா, படி இருக்கிறதா, பிள்ளை தவழ்கிறதா என்று திரும்பியும் பார்க்க மாட்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போறன். அப்பிடியே நில்லுங்கோ. முழுசா வரவேணும்."

லண்டன் நோர்பரியில் எங்கள் சனம் அவருக்கு ரிவேர்ஸ் அண்ணை என்று பெயர் வைத்திருந்தது. காதுபடவே கூப்பிடுவார்கள். அவர் கோபிக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கோபித்துக்கொள்வேன்.

மன்னார்க்காரர். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் கீழறை எங்களுடையது, மேலறை அவருடையது, சமைக்கிற குசினி பொது. வேலை பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில். படம் எடுப்பது அவருடைய தொழில் இல்லை. அதுதான் பிரச்சினை. தொழிலாக இருந்திருந்தால் சனம் எப்போதோ துரத்தியிருக்கும். சும்மா எடுத்துக் கொடுக்கிற மனிதரை யார் துரத்துவது? அவருடைய கோயில் பங்கில் ஞானஸ்நானம், முதல் நன்மை, பிறந்தநாள் என்று எது நடந்தாலும் கழுத்தில் அந்தக் கறுத்தக் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுவார். படம் எடுக்கிற நேரத்தில் கடைசி ஆளாக நிற்பார், வாசலுக்கு வெளியே.

ஒரு ஞானஸ்நானத்துக்கு நானும் போயிருந்தேன். எங்களுடைய சமயம் இல்லை. சாப்பாட்டுக்குத்தான் போனேன். பாதர் பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றப் போகிறார். இவர் நடுப்பாதையில் பின்னுக்குப் போகிறார். சனம் இருக்கிற கடைசி வாங்கைக் கடந்தார். கதவைக் கடந்தார். வெளிப்படியில் நின்று எடுத்தார். படத்தில் கோயில் கூரை இருந்தது, தூண்கள் இருந்தன, நிறக் கண்ணாடி யன்னல்கள் எல்லாம் இருந்தன. பாதர் ஒரு வெள்ளைப் புள்ளி. பிள்ளையின் தாய் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தேடினாள்.

"அண்ணை, பிள்ளை எங்கை?"

"உம்மடை இடுப்பிலை இருக்கு."

"படத்திலை எங்கை எண்டு கேக்கிறன்!"

"பிள்ளையை ஒவ்வொரு நாளும் பாப்பீர் தங்கச்சி. கோயிலை இப்பிடி முழுசாப் பாக்க ஏலுமோ?"

அவள் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. அடுத்த பிள்ளை பிறந்ததும் அவரைத்தான் கூப்பிட்டாள். எங்கள் சனம் அப்படித்தான், திட்டுகிற ஆளை விட்டு வேறு ஆளிடம் போகாது.

தோண்டன் ஹீத்தில் ஒரு பிறந்தநாள். மண்டபத்தின் ஒரு கரையில் பலூனால் வளைவு கட்டியிருந்தார்கள். அது முழுசாக வரவேண்டும் என்று போனவர் தீ விபத்துக்கென்று வைத்திருக்கிற பின்கதவால் வெளியே போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது. வெளியே பிடி கிடையாது. உள்ளே பாட்டுச் சத்தத்தில் அவர் தட்டியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கேக் வெட்டியாகிவிட்டது, ஊட்டியாகிவிட்டது, கொத்துரொட்டிக்கு வரிசையும் வந்துவிட்டது. தற்செயலாக யன்னலைப் பார்த்தால் கண்ணாடியோடு ஒட்டியபடி ஒரு கமரா. வெளியே மழை கொட்டுகிறது. என் கணவர் ஓடிப் போய்க் கதவைத் திறந்தார்.

"என்னண்ணை, தோய்ஞ்சு போய் நிக்கிறியள்!"

"அது கிடக்கட்டும் தம்பி. அங்கை இருந்து பாக்கத்தான் வளைவு முழுசாத் தெரியுது."

கமரா கையில் இல்லாவிட்டாலும் மனிதர் இப்படித்தான். தமிழ்க்கடையில் மீன் வாங்கப் போனால் வெட்டி வைத்த துண்டைத் தொட மாட்டார். "இதின்ரை தலை எங்கை?" என்று கேட்பார். கடைக்காரப் பொடியன், "அண்ணை, இது துண்டாத்தான் பெட்டியிலை வந்தது" என்பான். "அப்ப இது மீனெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயோடு வருவார். போனில் எடுத்து "எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டால் "லண்டனிலை" என்பார். பொய் இல்லை. உபயோகமும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் என் விசா போய் மாட்டியது.

நான் கல்யாண விசாவில் வந்தவள். அதை நீட்டிக்கக் கேட்டிருந்தோம். நீங்கள் உண்மையாகவே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு இன்னும் ஆதாரம் அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவர் கதவைத் திறந்துகொண்டு வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். எங்கள் கட்டில் ஆறியதே இல்லை. ஆனால் அதில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிடந்த நாட்கள் குறைவு. சண்டை பிடிப்பதுகூட வட்ஸ்அப்பில்தான். கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் வரும். கல்யாண அல்பத்தை விட்டால் சேர்ந்து நிற்கிற நல்ல படம் ஒன்று கிடையாது.

விசா விஷயத்துக்கு நாங்கள் பிடித்த லோயர் வெம்பிளியில் இருந்தார். மலேசியத் தமிழ்ப் பெண், என்னைவிட வயது குறைவு. நாங்கள் போனில் எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அக்கா, இந்த செல்ஃபி எல்லாம் வேணாம். எல்லாத்துலயும் ஒரே சுவரு, ஒரே அலமாரி. நீங்க வேற மொறச்சிக்கிட்டே இருக்கீங்க. வெளிய போங்க. வேற யாராச்சும் எடுக்கட்டும். சேர்ந்து வாழுறீங்கன்னு பாத்தா தெரியணும்."

"சேந்து வாழுறதை எப்பிடிப் படம் எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"அத நான் எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. இல்லாட்டி கஷ்டம்."

கஷ்டம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவும் ஊரில், கோப்பாயில்; அவர் நோர்பரியில்.

ரிவேர்ஸ் அண்ணையை விட்டால் எங்களுக்குக் கமரா வைத்திருக்கிற வேறு ஆளைத் தெரியாது. முதலில் எங்கள் அறையிலேயே எடுக்கப் பார்த்தார். கட்டிலில் எங்களை இருத்திவிட்டுப் பின்னுக்குப் போனார். அலமாரி முட்டியது. கதவைத் திறந்து நடைக்குப் போனார். அங்கிருந்து மாடிப்படியில் பின்பக்கமாகவே ஏறினார். ஏறிய பிறகு எங்களுக்கு அவருடைய கால் மட்டும்தான் தெரிந்தது. அவருக்கும் எங்களுடைய கால்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"இந்த வீட்டிலை படம் எடுக்க ஏலாது தம்பி," என்றார் மேலிருந்து. "பின்னுக்குப் போக இடம் வேணும்."

மேற்கு லண்டனில் இருக்கிற பெரிய தாவரவியல் பூங்காவில் அந்தக் கோடைகாலம் முழுக்க ஒரு பெரிய சிற்பத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரயில் நிலையத்தில் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்கு அதை எடுக்க வேண்டும் என்று ஆசை. நாங்கள் அவருக்கு ஒரு சாட்டு. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புதன்கிழமை போனோம். கணவர் இரவு வேலை முடித்து நேராக வந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தது. கையில் ஒரு பெரிய உடுப்புப் பை. பெற்றோல் நிலையத்தில் கூட வேலை செய்கிறவன் ஆலோசனை சொல்லியிருக்கிறான்: உடுப்பை மாற்றி மாற்றி எடுத்தால் பல நாள் போனமாதிரி இருக்குமாம். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உண்மையான புருசன் பெண்சாதி, உண்மையான கல்யாணம், அதை நிரூபிக்க வெயில் காலத்தில் குளிர் ஜக்கெற்றைக் காவிக்கொண்டு திரிகிறோம்.

முதல் படத்துக்கு நின்றுவிட்டு, நான் கழிப்பறைக்குப் போய்க் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். ரிவேர்ஸ் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உடுப்பை மாத்திப்போட்டீர் தங்கச்சி. இந்தச் சாமானை என்ன செய்யப்போறீர்?"

சாமான் என்றது சிற்பத்தை. எங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது.

"அது வராமல் எடுங்கோவன்!"

"அது வராமல் எடுக்கிறதுக்கு என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? அது நிக்கிற வரைக்கும் இது ஒரே நாள்தான். மேகத்தையும் மாத்திக்கொண்டு வாரும், எடுக்கிறன்."

என் கணவர் சிரித்தார். நான் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் எறிந்தேன். அதோடு உடுப்புப் பையின் கதை முடிந்தது.

சிற்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த இரும்பு நிறம். கீழே ஒரு உருண்டை. அதிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, மேலே போய், வளைந்து கீழே பார்க்கிறது. பக்கத்தில் பலகையில் ஏதோ எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. வாசிக்காமலே தெரிந்தது, அது முளைவிட்ட பயறு. ஊறப்போட்டு, துணியில் கட்டி வைத்து, மறுநாள் அவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே. என் கணவர் குளியலறைக் குழாய் என்றார். ரிவேர்ஸ் அண்ணைக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"கிட்ட நிண்டு பேர் வைக்காதேங்கோ. தள்ளி நிண்டு முழுசாப் பாத்தால்தான் அது என்னெண்டு தெரியும்."

சொல்லிவிட்டுத் தள்ளிப் போகத் தொடங்கினார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். பூப்பாத்தி ஒன்றில் கால் வைத்தார். பச்சை மேலங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்து ஏதோ கத்தினாள். அவர் பணிவாகத் தலையை ஆட்டி, சொறி சொல்லி மன்னிப்புக் கேட்டு, இன்னும் நாலு அடி பின்னுக்குப் போய் அடுத்த பாத்தியில் ஏறினார்.

நாங்கள் பயறுக்குக் கீழே கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு நிறைய வந்தது.

"அண்ணை! எங்களை எடுங்கோ! பயறை எடுக்காதேங்கோ!" என்று கத்தினேன்.

அவர் தூரத்தில் கையை ஆட்டினார். கேட்டதா, இல்லையா, தெரியாது. மேகம் வந்து வெயிலை மறைத்தது. வெயில் வரட்டும் என்று அவர் அங்கேயே குந்திக்கொண்டார். பயறுக்கு நிழல் விழ வேண்டுமாம்.

எவ்வளவு நேரம்தான் கையைக் கோத்துக்கொண்டு நிற்பது? புல்லில் இருந்தோம். கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் பிரித்தேன். ஒரே பெட்டி, அதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது சண்டை.

"உங்கடை சிநேகிதன் சொன்னானெண்டு ஜக்கெற் காவிக்கொண்டு வாறியள், மண்டைக்குள்ளை என்ன இருக்கு?"

"நித்திரை இருக்கு. கொஞ்சம் படுக்க விடும்."

"படுங்கோ, படுங்கோ. நான் கோப்பாய்க்குப் போனாப்பிறகு நல்லாப் படுங்கோ."

"நீர் போனால் நான் இஞ்சை ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு உடுப்புப் பையில் தலையை வைத்தார். உடனே நித்திரை.

வெயில் திரும்பி வந்து அவர் முகத்தில் அடித்தது. என் துப்பட்டாவை எடுத்து மூடிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்து வந்தது. பெரிய வாத்து, ஒரு சின்ன ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். ரொட்டிக்கு வந்தது. சூ என்றேன், போகவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு அவர் காதடிக்கு வந்தது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு எழும்பினேன்.

அன்று இரவு குசினி மேசையில் ரிவேர்ஸ் அண்ணை தன் கணினியைத் திறந்து படங்களைக் காட்டினார். பயறு வந்திருந்தது. அடி முதல் நுனி வரை முழுசாக வந்திருந்தது. நிழலும் வந்திருந்தது. பின்னால் மரங்கள், மரங்களுக்கு மேல் ஒரு விமானம். பயறுக்குக் கீழே இரண்டு எறும்பு.

நான் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். எழுத முடியாததும் சொன்னேன். "என்ரை வாழ்க்கை உங்களுக்கு விளையாட்டோ? இதைக் கொண்டுபோய் அந்த லோயரிட்டை எப்பிடி நீட்டுறது? எறும்புக்கு விசா குடுப்பாங்களோ?" மனிதர் படங்களை ஒரு சின்ன யுஎஸ்பி குச்சியில் போட்டு, கணினியை மூடி, குச்சியை மேசையில் வைத்துவிட்டு, முகத்தை எங்களுக்குக் காட்டியபடியே பின்னுக்கு நடந்து குசினியை விட்டுப் போனார்.

வேறு லீவு இல்லை. வேறு படமும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்தக் குச்சியைத்தான் வெம்பிளிக்குக் கொண்டுபோனோம்.

லோயர் முதல் படத்தைத் திறந்தார். "என்னா இது? சிலைய பாக்கிறேன், மரத்த பாக்கிறேன். ஒங்களக் காணோம்?"

நான் திரையில் காட்டினேன். அவர் படத்தைப் பெருப்பித்தார். கமரா நல்ல கமரா. எறும்பு பெருத்துப் பெருத்து மனிதர் ஆனது. கையைக் கோத்துக்கொண்டு, துணிக்கடைப் பொம்மை மாதிரி நாங்கள். அவர் உதட்டைச் சுழித்தார். அடுத்தது, அதுவும் பொம்மை. அதற்கடுத்தது, நாங்கள் ஒரே பெட்டிக்குள் கை விட்டுக்கொண்டிருக்கிறோம், என் வாய் அகலத் திறந்திருக்கிறது. நான் ஏசிக்கொண்டிருக்கிறேன், அவர் சம்பல் எடுக்கிறார். அடுத்தது, அவர் படுத்திருக்கிறார், நான் குனிந்து துப்பட்டாவால் முகத்தை மூடுகிறேன். இதையெல்லாம் அந்த மனிதர் எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. வெயிலுக்குக் காத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

லோயர் அடுத்த படத்தில் நின்றுவிட்டார்.

"அக்கா, கையில என்னா அது?"

"செருப்பு."

"யாருக்கு?"

"வாத்துக்கு."

"அவருக்கு இல்லையே?"

"அதுக்குள்ளை வாத்து வந்திட்டுது," என்றார் என் கணவர்.

அந்தப் பெண் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்மை படம் எல்லாம் வேணாம்," என்றார். "சாப்பிடுறது, தூங்குறது, இந்த வாத்து. மூணும் போதும். பெரிசாக்கி முழுப் படத்தோட சேர்த்து அனுப்புறேன்."

விசா வந்தது. எந்தப் படத்தால் வந்தது, படத்தால்தான் வந்ததா என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வாத்துக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு மேலறைக்கு ஏறினேன். கதவடியில் நின்று கேட்டேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அவர் படுக்கேக்கையும் நான் வாத்துக் கலைக்கேக்கையும் வேணுமெண்டுதானே எடுத்தனீங்கள்?"

"உங்களை ஆர் தங்கச்சி பாத்தது? பயறு முழுசா வந்துதோ எண்டுதான் நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பயறு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. நான் அதை விடவில்லை. "அப்ப பயறுதான்! தள்ளி நிண்டு பாத்தும் பயறுதானே!" என்றேன். அவர் ஒரு பணியாரத்தை எடுத்தார். வாயில் வைக்கவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது.

"அண்ணை, சாப்பிடுங்கோ!"

சாப்பிட்டார்.

பிறகு அந்தப் பாண் தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவரும் போனார். ஒரு வானில் சாமான்களை ஏற்றி, சாரதிக்குப் பக்கத்தில் கமராவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்கள் தெரு ஒடுங்கிய தெரு, இரண்டு பக்கமும் கார்கள். வான் திரும்ப இடம் இல்லை. அதனால் அது வந்த வழியே பின்னுக்குப் போனது. மனிதர் எங்களைப் பார்த்தபடி, கையை ஆட்டியபடி, சின்னதாகிச் சின்னதாகி, தெருமுனைவரை பின்பக்கமாகவே போனார். நான் சிரித்தேன் என்று என் கணவர் சொல்கிறார். நான் அழுதேன் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

படத்தைப் பெரிதாக அச்சடித்து எங்கள் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வாத்துப் படம்தான், முழுப் படம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "நல்ல சிலை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடிக்கிறார்கள். போன கிழமை கோப்பாயிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன்.

"உதென்னடி சுவரிலை, பயறு?"

"ஓம் அம்மா, பயறு. அதுக்குக் கீழை பாருங்கோ. நானும் அவரும்."

"எங்கை? காணேல்லை."

விரலை வைத்துக் காட்டினேன். விரல் நுனிக்குள் நான், அவர், ரொட்டிப் பெட்டி, வாத்து எல்லாம் மறைந்துபோய்விட்டோம்.

"விரலை எடு, விரல்தான் தெரியுது."

எடுத்தேன்.

"இப்பவும் காணேல்லை, பிள்ளை."

"நிக்கிறம் அம்மா," என்றேன். "அதிலைதான் நிக்கிறம். வடிவாப் பாருங்கோ."